மூக்கா, கையா?

சாமிக்கு வைக்கிற பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது. இதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தந்ததாக நினைவில்லை. பூக்காரம்மா முழம் போட்டு வாழையிலைக் கிழிசலில் சுருட்டித் தரும்போதே கை அதை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்ளும். சின்னப் பிள்ளை தெரியாமல் மூக்கருகே கொண்டுபோய்விட்டால் வீட்டிலுள்ள பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குரல் கொடுப்பார்கள். முகர்ந்தால் எச்சில். அப்புறம் அது தலைக்கு ஆகும், சாமிக்கு ஆகாது.

என் பிழைப்பே முகர்வதுதான். கும்மிடிப்பூண்டியில் ஜி.என்.டி. சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஒரு தெருவில், வீட்டின் பின்கட்டில், சோயா மெழுகில் வாசனை மெழுகுவத்தி ஊற்றுகிறேன். அதோடு நலங்கு மாவு, தேங்காயெண்ணெய் சோப்பு, வெட்டிவேர் போட்டுக் காய்ச்சிய தைலம். கார்த்திகை நெருங்கினால் மண் அகலில் மெழுகு நிரப்பிய விளக்குக்கு ஆர்டர் வரும். "பூஜை ரூமுக்கு அக்கா. மல்லி வாசனை நல்லா வருமா? நீங்க பாத்துட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். பார்த்துவிட்டேன் என்றால்தான் பணம் அனுப்புவார்கள். பார்ப்பது என்றால் இங்கே முகர்வதுதான். முகர்ந்த பூவைத் தொட மாட்டாதவர்கள், நான் முகர்ந்தேனா என்று உறுதி செய்துகொண்டு விளக்கு வாங்குகிறார்கள்.

இதில் ஏதோ இடிக்கிறது என்று முதலில் சொன்னவர் என் மாமியார். 2019 கார்த்திகைக்குச் செய்த விளக்குகளில் ஒன்றைப் பூஜை அறையில் வைக்கப் போனேன். "மூக்குல வெச்சு அத்தன தடவ உறிஞ்சிட்டு, மிச்சத்த சாமிக்குக் குடுக்கிறியா? வோணாம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பால் திரிந்துவிட்டது என்று சொல்கிற குரல். கடையில் வாங்கியிருந்தால் அவருக்கு ஆட்சேபணை இருந்திருக்காது. கடைக்காரன் முகர்ந்தானா என்று நமக்குத் தெரியாது அல்லவா? தெரியாதது எச்சில் ஆகாது என்பது எங்கள் வீட்டு ஆசாரத்தில் உள்ள பெரிய வசதி.

இந்த விஷயத்தில் மிகக் கடுமையான கதை பெரிய புராணத்தில் இருக்கிறது. பல்லவ மன்னர் கழற்சிங்கர் பட்டத்தரசியோடு திருவாரூர்க் கோயிலுக்கு வருகிறார். கோயிலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்த அரசி, பூத்தொடுக்கும் மண்டபத்தின் பக்கத்தில் விழுந்து கிடந்த பூ ஒன்றை எடுத்து முகர்ந்தாள். அங்கே தொண்டு செய்துகொண்டிருந்த செருத்துணையார் ஓடிவந்து, கூந்தலைப் பிடித்து, கத்தியால் மூக்கை அறுத்துவிட்டார். அலறல் கேட்டு வந்த அரசர் காரணம் கேட்டார். காரணம் தெரிந்ததும் செருத்துணையார்மீது அவருக்குக் கோபம் வரவில்லை. தண்டனை அரைகுறை என்றுதான் பட்டது. பூவை எடுத்தது கை, முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான் என்று உடைவாளை உருவி, வளையல் அணிந்த கையை வெட்டினார். இருவரும் அறுபத்து மூவரில் இடம்பெற்றார்கள். அரசியின் பெயரை எந்தக் கதாகாலட்சேபத்திலும் நான் கேட்டதில்லை.

கதையைக் கேட்கிறவர்கள் கொடூரம் என்று முகம் சுளிப்பார்கள், அல்லது பக்தி முற்றினால் அப்படித்தான் என்று கைகூப்புவார்கள். எனக்குக் கண்ணில் படுவது வேறு. ஒரே குற்றத்துக்கு இரண்டு நீதிபதிகள். குற்றம் உடம்பில் எங்கே இருக்கிறது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. செருத்துணையார் அதை மூக்கில் கண்டார். அரசர் கையில் கண்டார். மூக்கு என்றால் குற்றம் வாசனையை அனுபவித்ததில் இருக்கிறது. கை என்றால், சாமிக்கு என்று ஒதுக்கிய இடத்துக்குள் நீட்டியதில் இருக்கிறது. இவை இரண்டும் ஒன்றல்ல. என் தொழிலில் நான் தப்புவேனா மாட்டேனா என்பது, இருவரில் யார் சொல்வது சரி என்பதைப் பொறுத்தது.

தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோயா மெழுகு செதில் செதிலாக மூட்டையில் வரும். இது புராதனப் பொருள் ஒன்றும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவாவில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவர் தேன்மெழுகுக்கு மலிவான மாற்றுத் தேடிக் கொண்டுவந்தது. சோயா எண்ணெயை நிக்கல் வினையூக்கி வைத்து ஹைட்ரஜன் ஏற்றி இறுக்கினால்தான் மெழுகாகும். அது ஆலையில் நடக்கிற வேலை. ஆகவே 'நூறு சதம் இயற்கை' என்று நான் லேபிளில் போடுவதில்லை. செடியிலிருந்து வந்தது என்று மட்டும் போடுவேன். பாரஃபின் மெழுகோ நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு, மணலி சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. விலை குறைவு, வெயிலுக்கும் தாங்கும். சோயா அக்னி நட்சத்திரத்தில் வியர்த்துவிடும். மே மாதம் பார்சல் அனுப்பினால் குழைந்துபோய்ச் சேரும்.

அண்டாவில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் இறக்கிய பாத்திரத்தில் மெழுகு உருகும். எண்பது டிகிரியைத் தாண்டியதும் வாசனைத் தைலம், நூறு கிராம் மெழுகுக்கு ஆறிலிருந்து எட்டு கிராம். கரண்டி ஒரே பக்கமாகச் சுழல வேண்டும், குமிழி வராமல். அறுபதுக்குக் கீழே இறங்கினதும் திரி நட்ட அகலில் ஊற்று. ஊற்றியதோடு முடியாது. சோயா வாசனையை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு வாரம், இரண்டு வாரம் மூடி வைத்தால்தான் பதப்படும். அப்புறம் எரியாத நிலையில் ஒரு முறை, எரிந்து மேலே மெழுகு குளமாக நிற்கும்போது ஒரு முறை முகர வேண்டும். எரியாதபோது கமகமவென்று இருந்துவிட்டு எரியும்போது ஒன்றுமே வராத விளக்கு உண்டு. நாலைந்து முகர்ந்ததும் மூக்கு மரத்துப்போகும். அப்போது நம் முழங்கை மடிப்பை முகர்ந்தால் தெளியும். தன் உடம்பின் வாடை மூக்குக்கு வெள்ளைக் காகிதம்.

மல்லிதான் எல்லாவற்றிலும் சிக்கல். ஒரு கிலோ மல்லிச் சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் பூ வேண்டும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் எல்லோரும் கலவைதான் வாங்குகிறோம். மல்லி வாசனைக்குள் இண்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. தனியாக, கெட்டியாக முகர்ந்தால் அது மலநாற்றம். அதை முழுக்க எடுத்துவிட்டால் மல்லி சோப்புத்தூள் ஆகிவிடும், கொஞ்சம் கூடினால் வாடின பூ. இந்த இடைவெளியைத் தராசு காட்டாது. கல்யாணத்துக்கு முன் ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன், அளப்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் தைலம் ஒவ்வொரு புட்டிக்கும் மாறுகிறது, மூக்கு இல்லாமல் முடியாது.

இதை அத்தையிடம் சொன்னபோது அவர் எடுத்து வைத்த வாதம் என்னை ஒரு வருஷம் ஆட்டிவைத்தது. "பொங்கலன்னிக்கு நான் ருசி பாத்தா உப்பு போடறேன்? கோயில் மடப்பள்ளில வாயக் கட்டிக்கிட்டு சமைக்கல? கைக்குத் தெரியும். உன் கைக்கும் தெரியணும்." நியாயமான பேச்சு. நைவேத்தியத்துக்கு ருசி பார்க்காமல் சமைக்கிற பெண்கள் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். உப்பு ஒரு கல் கூடாது, குறையாது.

ஆனால் அந்தக் கைக்கு எப்படித் தெரிந்தது? வருஷம் முழுக்க வீட்டாருக்கு ஆக்கிய ஒவ்வொரு குழம்பையும் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துத்தானே தெரிந்தது. பண்டிகை நாளில் நாக்கு படாத பானை, மற்ற நாள்களில் நாக்கு பட்ட பானைகளின் மேல் நிற்கிறது. எச்சிலே இல்லாத சுத்தம் என்று ஒன்று இல்லை. எச்சிலை வேறு நாளுக்குத் தள்ளிவைத்த சுத்தம் இருக்கிறது. அத்தையிடம் இதை இப்படியே சொல்லவில்லை. மருமகள் சொல்லக்கூடிய வாக்கியமல்ல அது.

அதிலிருந்து ஒரு வழி பிறந்தது. லேபில் ஒரு டப்பா பெயின்டைத் திறந்து சோதித்துவிட்டு அந்த லாட் முழுவதையும் பாஸ் பண்ணுவோம். அதேபோல ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு விளக்கு எனக்கு. அதை எரித்து, முகர்ந்து, தீர்த்துவிடுவேன். மற்றவற்றின் மேல் என் மூக்கு குனியாது. வாங்குகிறவருக்கும் பொய் சொல்லவில்லை, ஆசாரமும் கெடவில்லை. அத்தையிடம் பெருமையாகச் சொன்னேன். "வக்கீல் வேல" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அவர் சொன்னது சரி. ஊற்றுகிற நாளில் பின்கட்டு முழுக்க மல்லி. பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட வந்து நின்று மூச்சிழுப்பார். எந்த விளக்கை முகர்ந்தேன், எதை முகரவில்லை என்று எப்படிப் பிரிப்பது?

மூக்கை மூட இமை கிடையாது. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இதைப் புத்தகம் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிப்காட்டில் இரும்பு உருக்குகிற ஆலை, வார்ப்படப் பட்டறை, ரசாயனக் கம்பெனி எல்லாம் இருக்கிறது. மார்கழி விடியலில் பனி இறங்கினால் புகை மேலே போகாமல் தரையோடு தங்கும். அத்தை வாசலில் கோலம் போட்டுக்கொண்டு திருப்பாவை சொல்வார். தெரு முழுக்க எரிந்த ரப்பர் வாடை அடிக்கும். என் வீட்டுக்காரர் வார்ப்படப் பட்டறையில் வேலை பார்க்கிறார். அவர் சட்டையில் அச்சு மணலில் கலக்கிற ரெசின் வாடை எப்போதும் இருக்கும், அது அவருக்கே தெரியாது. இந்த ஊரில் நாங்கள் முகர்வதில் பாதிக்கு மேல் கேட்டு வாங்கியதல்ல. முகர்வது எல்லாமே அனுபவிப்பது என்று செருத்துணையார் எடுத்துக்கொண்டிருந்தால், அவர் எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வாசனை மண்ணின் குணம் என்கின்றன தருக்க நூல்கள். தண்ணீருக்கும் தீக்கும் காற்றுக்கும் சொந்த வாசனை இல்லை. நீரோ காற்றோ மணந்தால், மண்ணின் துகள் ஏதோ அதில் கலந்திருக்கிறது. என் லேப் படிப்பும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது: பொருளிலிருந்து ஆவியாகிப் பறக்கிற மூலக்கூறுதான் மூக்கில் போய் ஒட்டுகிறது. அப்படிப் பார்த்தால் முகர்ந்த பூ உண்மையிலேயே கொஞ்சம் குறைந்த பூ. அதில் ஒரு துளி நமக்குள் போய்விட்டது. எச்சில் என்று சொன்ன பாட்டிகள் சும்மா சொல்லவில்லை என்று ஒரு நிமிஷம் தோன்றும். ஆனால் அந்தத் துகள் நாம் குனிந்ததால் கிளம்பியது அல்ல. யாரும் இல்லாத கூடத்திலும் பூ அதை விட்டுக்கொண்டேதான் இருக்கும். நாம் பூவிலிருந்து எடுக்கவில்லை, பூ கைவிட்டதைக் காற்றிலிருந்து எடுக்கிறோம்.

மண்ணடியில் ஒரு அத்தர் கடையில் நான் வெட்டிவேர் அத்தர் வாங்குவது வழக்கம். அந்தக் கடைப் பெரியவர் சொன்ன கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. எட்டாம் நூற்றாண்டில் ஆண்ட கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் முன்னால் பொதுக் கருவூலத்துக் கஸ்தூரியை நிறுத்தார்களாம். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, கஸ்தூரியால் ஆகிற பயன் அதன் மணம் ஒன்றுதானே என்றாராம். ஊர்ச் சொத்தை மூச்சால்கூட எடுக்க அவருக்கு மனம் இல்லை. மணத்தைப் பூ கைவிட்டது என்று நான் சொல்கிறேன். அவர் கைவிட்டதும் பிறருடையதுதான் என்கிறார். பெரியவரிடம், "நீங்க கடையில மூக்கப் பொத்திக்கிட்டா எப்படி பாய் வியாபாரம் பண்றது?" என்றேன். "அவர் கலீஃபாம்மா, நான் யாவாரி. எனக்கு மூக்குதான் தராசு" என்றார்.

மூக்குதான் தராசு. இந்த வகை மூக்குக்குப் பெரிய புராணத்திலேயே சாட்சி இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டிப் போனால் இரண்டு மணி நேரத்தில் காளத்தி. அங்கே வேடர் திண்ணனார் இறைச்சியைச் சுட்டு, கடித்துப் பதம் பார்த்து, நன்றாக இருந்ததை மட்டும் இறைவனுக்குப் படைத்தார். பூவைப் பறித்துத் தன் தலையில் செருகிக்கொண்டு வந்தார். முகர்ந்த பூ மட்டுமல்ல, சூடிய பூ. நீரை வாயில் நிரப்பிக்கொண்டு வந்து உமிழ்ந்தார். அர்ச்சகர் சிவகோசரியார் பதறிப்போய்த் துடைத்துக் கழுவிப் பூசை செய்தார். அவர் கனவில் வந்த இறைவன் திண்ணனார் பக்கம்தான் நின்றான். திருவாரூரில் விழுந்து கிடந்த பூவை முகர்ந்ததற்கு மூக்கு போயிற்று. காளத்தியில் சூடிய பூவைக் கொடுத்தவருக்குக் கண்ணப்பர் என்று பெயர் வந்தது. இரண்டையும் எழுதியது ஒரே சேக்கிழார், பன்னிரண்டாம் நூற்றாண்டில், ஒரே நூலில். ஏதோ ஒரு சமாதானம் சொல்லிவிட்டு நகரவில்லை அவர். இரண்டையும் அப்படியே வைத்துவிட்டார்.

சமாதானம் சுலபம் என்பார்கள்: திண்ணனார் தனக்காகப் பார்க்கவில்லை, அரசி தனக்காகப் பார்த்தாள். எனக்கு இது போதவில்லை. இறைச்சியைக் கடித்தபோது திண்ணனாரின் நாக்கு ருசிக்கவே இல்லையா? ருசிக்காத நாக்குக்கு எப்படித் தெரியும் இது நல்ல துண்டு என்று? ருசித்ததால்தான் கொடுக்கத் தகுதி வந்தது. சென்னைக்குப் போகிற எங்கள் மின்சார ரயில் திருவொற்றியூரில் நிற்கும். அங்கே கோயில் விளக்குக்கு எண்ணெய் விட்ட கலிய நாயனார் செக்கு ஆட்டுகிற குலத்தவர். எண்ணெயில் சிக்கு வாடை ஏறிவிட்டதா என்று முகராத வாணியர் உண்டா? விளக்குத் திருப்பணி செய்த கை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மூக்கு இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

பழவேற்காட்டு ஆசிரியை ஒருவர் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு என்னிடம் மெழுகுவத்தி வாங்குவார், வாசனை இல்லாமல். கல்லறையில் எதற்கு வாசனை, காற்றடித்தால் அணையாமல் இருந்தால் போதும் என்பார். அவரிடம் இந்தக் கேள்வியைச் சொன்னபோது விவிலியத்தில் விடுதலைப் பயணம் முப்பதாம் அதிகாரத்தைக் காட்டினார். ஆண்டவர் மோசேக்குத் தூபத்தின் பக்குவம் சொல்கிற இடம்: சாம்பிராணியும் வேறு வாசனைப் பொருள்களும் சம எடை, உப்பும் சேர்த்து, பரிமளம் செய்கிறவன் கைவேலையாக. இதே கலவையைத் தான் முகர்ந்து மகிழ்வதற்காக யாராவது செய்தால் அவனை இனத்திலிருந்து விலக்க வேண்டும் என்றும் அங்கே இருக்கிறது. திருவாரூர்ச் சட்டம் அப்படியே சீனாய் மலையடியில். ஆனால் அதைச் செய்த பெட்சலேல் முகராமலா செய்திருப்பான்? அவனுக்குத் தண்டனை இல்லை. சட்டம் செய்கிறவனின் மூக்கைத் தொடவே இல்லை. எதற்காகச் செய்கிறான் என்பதை மட்டும் கேட்கிறது. ஆசிரியை இதில் பெரிய ரகசியம் எதுவும் இருப்பதாக நினைக்கவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் 'எதற்காக' என்பது ஒரே முகர்தலுக்குள் மாறிவிடுகிறது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். எரிகிற விளக்கின் முன் குனிகிறேன். முதல் மூச்சு விளக்குக்காக: திரி புகைகிறதா, எண்ணெய் வாடை மேலே நிற்கிறதா. இரண்டாவது மூச்சு சந்தேகத்துக்காக: இண்டோல் தூக்கலா, இல்லை என் மூக்குக் களைப்பா. அதோடு வேலை முடிந்தது. ஆனால் சில நாள் மூன்றாவது மூச்சு வரும். அதற்குக் காரணம் எதுவும் இல்லை. மதுரை மல்லி, மழைச் சாயங்காலம், அம்மாவின் தலைப்பின்னல், எல்லாம் அந்த மூச்சில் இருக்கும். கண் தானாக மூடும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்றும் ஒன்றுதான். கத்தியோடு நிற்கிற எந்தத் தொண்டருக்கும் பிரித்துச் சொல்ல வராது. எனக்கு மட்டும் தெரியும். அந்த விதி காவல் காக்கிற கோடு பூவுக்கும் மூக்குக்கும் நடுவில் இல்லை, என் இரண்டாவது மூச்சுக்கும் மூன்றாவது மூச்சுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே கத்தி எட்டாது என்பதால்தான் மூக்கை அறுத்தார்களோ என்னவோ.

மூன்றாவது மூச்சு பாவம் என்றும் நான் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் முதல் இரண்டும் செத்த மூச்சு. கம்பெனி லேபில் அப்படித்தான் முகர்ந்தோம். மாதவியின் நீராட்டுக்குப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறவைத்த கதையைச் சிலப்பதிகாரத்தில் எழுதியவரும் மூன்றாவது மூச்சு விட்டவர்தான். நான் பொன்னேரி நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிற பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் வெட்டிவேரும், கல்யாணப் பெண்ணின் நலங்கு மாவுக்கும் போகிறது, அம்மன் அபிஷேகப் பொடிக்கும் போகிறது. மில்லில் ஒரே நாளில்தான் அரைக்கிறேன், மிளகாய் அரைப்பதற்கு முன்னால் காலையில் முதல் ஆளாக. இரண்டு பொட்டலமாகப் பிரிக்கிற வரை அது யாருடையது என்று அதற்கே தெரியாது.

2021 மே மாதம் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா வந்தது. எங்களுக்குப் போன வாசனை ஒரு மாதத்தில் திரும்பியது. அத்தைக்குத் திரும்பவில்லை. அடுத்த தை அமாவாசைக்குத் திருவள்ளூர் போய் வைத்திய வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தார். சாம்பாரில் பெருங்காயம் தெரியவில்லை, காஸ் கசிந்தாலும் தெரியவில்லை. இதெல்லாம் அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பூவைப் படத்துக்குச் சாத்திவிட்டு அப்படியே நின்றவர் திரும்பிப் பார்த்து, "இத்தன வருஷம் முகராம வெச்சேன். அது பெரிய காரியம்னு இருந்தேன். இப்ப முகரவே முடியாது. இதுல நான் விட்டுக் குடுத்தது இன்னா இருக்கு?" என்றார்.

எந்தத் தருக்க நூலும் எனக்கு அவ்வளவு கூர்மையாகச் சொல்லித் தந்ததில்லை. முகரக் கூடாது என்ற விதி, முகர முடிந்தவளுக்குத்தான். ஆசை அவ்வளவு அருகில் இருந்தும் கையைத் தள்ளிப் பிடித்தாள் பார், அதுதான் காணிக்கை. பூ அதற்குச் சாக்கு. அப்படியானால் மூக்கிழந்தவளின் பூசையில் என்ன இருக்கிறது? நான் திருநின்றவூர்ப் பூசலாரைச் சொல்லிப் பார்த்தேன். கல்லும் காசும் இல்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியவர் நம் மாவட்டத்துக்காரர்தானே, ராஜா காஞ்சியில் கட்டிய கற்கோயிலை விட்டுவிட்டு அன்றைக்கு இவர் கோயிலுக்குத்தானே சாமி போனார், நீங்களும் நினைவில் இருக்கிற வாசனையை வையுங்கள் என்றேன். அத்தை கேட்டுக்கொண்டார். "நெனப்புல இருக்கிறதுக்கு வாட்டம் இல்ல. சாமிக்கு வாடின பூவக் குடுத்துட்டா?" என்றார்.

அதுதான் அவருடைய நிஜமான கவலை. பூக்காரம்மா சில நாள் நேற்றைய சரத்தில் தண்ணீர் தெளித்து இன்றைய பூவோடு சுற்றித் தந்துவிடுவார். பார்வைக்குத் தெரியாது. வாடத் தொடங்கிய மல்லியின் கனத்த வாடையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஆக, இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் இலைப் பொட்டலத்தை என் முன்னால் நீட்டி, "பாத்து சொல்லும்மா" என்கிறார். நான் முகர்கிறேன். நன்றாக இருந்தால் வாங்கிக்கொண்டுபோய்ச் சாத்துகிறார். பழசு என்றால் அது என் தலைக்கு.

பல வாரம் பொறுத்துவிட்டுக் கேட்டேன். "அத்தை, இது எச்சில் இல்லையா?"

"நான் கேட்டு நீ பாக்குற. அதுல எச்சில் இல்ல. நீயா எடுத்துப் பாத்தாதான் எச்சில்."

அரசர் கட்சி. குற்றம் கையில்தான். திருவாரூரில் அந்த அரசியிடம் யாராவது ஒருத்தர், "அம்மா, இது புதுப்பூவா பாருங்கள்" என்று நீட்டியிருந்தால் அவளுக்கு மூக்கு தப்பியிருக்கும் என்று ஆகிறது. அந்தப் பூத்தொடுக்கும் மண்டபத்தில் வாடினதைக் கழித்துப்போட யார் இருந்தார்கள், அவர்கள் எதை வைத்துக் கழித்தார்கள் என்று செருத்துணையாரைக் கேட்க எனக்கு ஆசை.

சரி, தீர்ப்புக் கிடைத்துவிட்டது என்று நானும் சும்மா இருக்கவில்லை. போன கார்த்திகைக்கு ஒரு மல்லி அகலை எடுத்துக்கொண்டு போய், "இதையும் ஜனங்கள் கேட்டுத்தான் நான் முகர்கிறேன், அப்போ நம்ம பூஜை ரூம்ல ஏற்றலாமா?" என்றேன். அத்தை விளக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். மெழுகின் மேல் சோயாவுக்கே உரிய வெள்ளைப் பூப் படிந்திருந்தது, அதை நகத்தால் சுரண்டினார்.

"நல்லெண்ண இருக்கும்போது சோயா எண்ணெயில எவ விளக்கேத்துவா?"

"சோயாவுல ஏத்தக் கூடாதுன்னு எதுல எழுதியிருக்கு அத்தை?"

"ஏத்தலாம்னு எதுல எழுதியிருக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.